மெயின்ஃபிரேம் அசெம்ப்ளரில் புது இன்ஸ்ட்ரக்‌ஷன்: யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஐபிஎம் இசட் மெயின்ஃபிரேமில் (பெரிய நிறுவனங்களின் கணினி) அசெம்ப்ளர், அதாவது ப்ராசஸர் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழி, எழுதுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 'எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லாமல் கஷ்டப்படுகிறோம்' என்று டீமில் பட்டியல் போடுகிறோம். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

1964-ல் அறிவித்த ஐபிஎம் சிஸ்டம்/360 காலத்து எம்விசி (நினைவகத்தில் பைட்டுகளை நகலெடுக்கும் கட்டளை) ஒரே தடவையில் 256 பைட் வரைதான் நகர்த்தும். அதன் நீளம் ஒன்று குறைத்தே குறிக்கப்படும். நீளம் முன்கூட்டியே தெரியாவிட்டால், ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) உள்ள நீளத்தில் ஒன்றைக் கழித்துவிட்டு, அதை வைத்து எம்விசியை ஓட்டும் இஎக்ஸ் கட்டளையைப் போட வேண்டும். போன வாரம் எங்களுக்கு நீளம் பூஜ்யமாக வந்தது. ஒன்றைக் கழித்ததும் கடைசி பைட் எஃப்எஃப், அதாவது 255. அப்புறம் என்ன, 256 பைட்டும் பக்கத்து ஃபீல்டுகள் மேல் போய் உட்கார்ந்துவிட்டது! டம்ப் (நினைவகத்தின் அச்சுப் பதிவு) பார்த்தே ஒரு ராத்திரி போனது.

பூஜ்யம் என்றால் சும்மா இருக்கிற எம்விசி ஒன்று வேண்டும். நீளமாக நகர்த்த எம்விசிஎல் இருக்கிறதே என்பீர்கள். சரி, ஆனால் அது நாலு ரெஜிஸ்டரை விழுங்கும். இசட்15 மெஷினில் வந்த எம்விசிஆர்எல் நீளத்தை ரெஜிஸ்டரில் வாங்குகிறது. ஆனால் நகர்த்துவது வலமிருந்து இடம், அங்கேயும் ஒன்று குறைத்த கணக்குதான்.

வேறு சுருக்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் ஆசை இன்ஸ்ட்ரக்‌ஷன் எது? எந்த நிரலில் அது கைகொடுக்கும் என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.