ஜாவா வெப்: முதலில் சர்வ்லெட்டா, நேரே ஸ்பிரிங் பூட்டா?

புதுநிரலன்:
கோர் ஜாவா ஓரளவு வரும். அடுத்து ஒரு சின்ன நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்து வாங்கும் கணக்கை வெப் ஆப்பாகச் செய்ய ஆசை. பழைய சர்வ்லெட் (வெப் ரிக்வெஸ்ட்டை வாங்கிப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) பாடம் ஒன்றைப் பார்த்து, சர்வ்லெட்டுகளை ஓட்டும் சர்வரான டாம்கேட் 10-ல் முயன்றால், ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் பேக்கேஜே இல்லை என்று கம்பைல் ஆக மறுக்கிறது. இதிலேயே தொடரவா, அடிப்படை அமைப்பைத் தானே செய்துதரும் ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டுக்குப் போகவா?

நேரேபூட்:
பூட்டுக்குப் போங்கள். சர்வ்லெட்டையும் உள்ளடக்கிய ஜாவா இஇ என்ற தரத்தொகுப்பு, ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய் ஜகார்த்தா இஇ ஆனது. 2020-ல் வந்த 9-ஆம் பதிப்பில் பேக்கேஜ் பெயர்களும் மாறிவிட்டன. டாம்கேட் 10-க்குப் புதுப் பெயர்தான் தெரியும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல அதற்கு முந்தியவை. புதிதாக வருகிறவர் அதில் மாட்டிக்கொண்டு வெப்பே வேண்டாம் என்று போய்விடுகிறார். பூட்டில் டாம்கேட் உள்ளேயே வருகிறது. புது ப்ராஜெக்ட் உருவாக்கித் தரும் ஸ்பிரிங் இனிஷியலைசரில் வெப் டிபென்டன்சியைச் சேர்த்து, ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் கன்ட்ரோலர் கிளாஸ் ஒன்றை எழுதி ஓட்டினால் 8080 போர்ட்டில் பக்கம் வந்துவிடும்.

சர்வ்லெட்கட்சி:
தம்பி, இம்போர்ட் வரிகளில் ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் என்பதை ஜகார்த்தா சர்வ்லெட் என்று மாற்றுங்கள், அந்தப் பிழை போய்விடும். அதற்காக சர்வ்லெட்டையே விட வேண்டியதில்லை. பூட்டிலும் ரிக்வெஸ்ட்டை வாங்கி உங்கள் கன்ட்ரோலரிடம் அனுப்புவது டிஸ்பாட்சர் சர்வ்லெட் என்கிற ஒரு சர்வ்லெட்தான்.

உங்கள் நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சர்வ்லெட்டுக்கு டாம்கேட் உருவாக்குவது ஒரே ஆப்ஜெக்ட். வரும் ரிக்வெஸ்ட்டுகள் வெவ்வேறு த்ரெட்டுகளில் அதற்குள் நுழைகின்றன. உறுப்பினர் எண்ணை கிளாஸ் ஃபீல்டில் வைத்தீர்களானால், ஒரே நேரத்தில் இரண்டு பேர் புத்தகம் எடுக்கும்போது ஒருவர் எடுத்தது மற்றவர் கணக்கில் ஏறிவிடலாம். நீங்கள் தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது தலைகாட்டவே காட்டாது. டூகெட், டூபோஸ்ட் மெத்தடுகளைக் கையால் எழுதி, செஷன் எண்ணைச் சுமக்கும் ஜேசெஷன்ஐடி குக்கி வந்து போவதை பிரவுசரில் பார்த்தவருக்கு, லாகின் செய்தவரை சர்வர் எப்படி அடையாளம் காண்கிறது என்று யாரும் விளக்க வேண்டாம்.

நேரேபூட்:
கன்ட்ரோலரும் இயல்பாக ஒரே ஆப்ஜெக்ட்தானே சார்? அதே பாடத்தை பூட்டிலேயே படிக்கலாம். வெப் டாட் எக்ஸ்எம்எல் (அமைப்பு ஃபைல்), ஜேஎஸ்பி (எச்டிஎம்எல்லுக்குள் ஜாவா), வார் ஃபைல் (ஆப்பைக் கட்டிய பொதி) என்று சுற்றி வருவதில் என்ன லாபம்?

சர்வ்லெட்கட்சி:
ஜேஎஸ்பியை நானும் வற்புறுத்தமாட்டேன். வெப் டாட் எக்ஸ்எம்எல்லும் வேண்டாம். 2009-ல் வந்த சர்வ்லெட் 3.0 முதல் ஒரு அனொட்டேஷனே போதும். ஆனால் பூட்டில் கன்ட்ரோலரை மெயின் கிளாஸின் பேக்கேஜுக்கு வெளியே வைத்துப் பாருங்கள். கம்பைல் ஆகும், சர்வரும் எழும், பக்கம் மட்டும் 404. மெயின் கிளாஸ் இருக்கும் பேக்கேஜையும் அதன் உள்பேக்கேஜுகளையும்தான் பூட் தானாகத் தேடும். இது தெரியாத புதியவர் எங்கே போய்த் தேடுவார்?

நேரேபூட்:
அது ஒரு முறை பட்டால் மறக்காது. பேக்கேஜ் பெயர் மாறிய கதையைவிடச் சின்ன இடறல்தான்.

டேட்டாபேஸ்பக்கம்:
இரண்டு பேருமே டேட்டாபேஸைத் தொடவில்லையே. எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஜேடிபிசி (ஜாவாவிலிருந்து டேட்டாபேஸை நேரடியாக அணுகும் வழி) எழுதுங்கள். தேடும் பெட்டியில் வந்த சொல்லை அப்படியே எஸ்க்யூஎல்லில் ஒட்டாமல் மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்துங்கள். கனெக்‌ஷனை ட்ரை-வித்-ரிசோர்சஸில் திறந்தால் தானாக மூடும். பூட் வழக்கமாகக் கொண்டுவரும் ஹிகாரி பூலில் (திறந்த டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் இடம்) இயல்பாக அதிகபட்சம் 10 கனெக்‌ஷன்கள். நீங்களே எடுத்து மூடாமல் விட்ட கனெக்‌ஷன்கள் அத்தனையையும் பிடித்துக்கொண்டால், அடுத்து வருகிறவர் காத்திருந்து பிழைதான் பார்ப்பார். கடைசிப் பிரதியை இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

புதுநிரலன்:
சரி, லாகினையும் புத்தகம் கொடுக்கும் பக்கத்தையும் மட்டும் சர்வ்லெட்டும் ஜேடிபிசியுமாக எழுதுகிறேன். அப்புறம் அதே இரண்டை பூட்டில். என்னிடம் இருப்பது ஜாவா 8, அது போதுமா?

நேரேபூட்:
போதாது. பூட் 3 முதல் குறைந்தது ஜாவா 17 வேண்டும். 17 அல்லது 21 போடுங்கள், இரண்டுமே நீண்டகால ஆதரவுள்ளவை. சர்வ்லெட் வேலையையும் அதிலேயே தொடங்கிவிடுங்கள்.