குட்டிக்கு ரத்தப் பேதி, காலை வரை காத்திருக்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறோம். மூன்று மாத நாய்க்குட்டி, நேற்றிலிருந்து வாந்தி, மாலையிலிருந்து ரத்தம் கலந்த பேதி, தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரே ஒரு தடுப்பூசிதான் போட்டோம். என்ன செய்வது?

பதில் 1: காத்திருக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவிலும் அவசரப் பிரிவு உண்டு, கிளம்புங்கள். பார்வோ (குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய்) மாதிரி தெரிகிறது; டிரிப்ஸ் ஏற்றி நீர்ச்சத்தைத் தக்கவைப்பதுதான் முக்கியம், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. துண்டில் சுற்றிக் கதகதப்பாகக் கொண்டு போங்கள், வாயில் பால் ஊற்றாதீர்கள்.

பதில் 2: ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். எங்கள் நாய் மணிக்கு வெளுத்தே நின்றது, ஐந்து நாள் டிரிப்ஸில் பிழைத்தான். அப்புறம், இந்த வைரஸைக் கொல்லத் தரைக்கு பினாயில் போதாது, பிளீச்சிங் கரைசல்தான்.

கேட்டவர்: டிரிப்ஸ் ஏறுகிறது. இப்போதுதான் வாலை ஆட்டியது.