சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஸ்காண்டிநேவிய அலங்காரம்: சேலம், ஏற்காடு உறுப்பினர்களின் அனுபவங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து ஓர் உறுப்பினர்

ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளின் ஸ்காண்டிநேவிய பாணி என்றாலே வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, மூலையில் ஒரு தொட்டிச்செடி என்ற படம்தான் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஓடியாடும் பிள்ளைகளும், தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிற மாமியாரும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும் உறவினர்களும் நிறைந்த வீட்டுக்கு அது ஒத்துவராது என்று ஒதுக்கிவிடுகிறோம். என் கணவரின் சித்தப்பா மகன் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் குடும்பத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியேறியிருக்கிறார். அவர்கள் பால் காய்ச்சிய அன்று அந்த வீட்டில் கண்டவற்றையும், அதன்பின் போகும்போதெல்லாம் கவனித்தவற்றையும் எழுதுகிறேன்.

கதவைத் திறந்ததும் ஒரு நீளமான மரப் பெஞ்சு இருக்கிறது. அதன் அடியில் செருப்பு வைக்க இடம், மேலே சுவரில் கொக்கிகள் இரண்டு வரிசை. மேல் வரிசை பெரியவர்களுக்கு. கீழ் வரிசை அவர்களுடைய சின்ன மகளின் தோள் உயரத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்தக் குழந்தை பள்ளியிலிருந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பையைத் தன் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நம்மைப் போலவே அந்த நாட்டுக்காரர்களும் வீட்டுக்குள் செருப்பு அணிவதில்லை. பனியும் சேறும் உள்ளே வரக்கூடாது என்பதால் நுழைவிடத்தை அவர்கள் வெகு கவனமாக அமைக்கிறார்கள். நம் வீடுகளில் பள்ளிப் பை சோபாவில் கிடப்பதற்குப் பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். கொக்கி அவர்களுக்கு எட்டுகிறதா என்று பார்ப்பதில்லை.

சாப்பாட்டு மேசையிலும் இதே கவனத்தைக் கண்டேன். நார்வேக்காரரான பீட்டர் ஆப்ஸ்விக் 1972-இல் வடிவமைத்த ‘டிரிப் டிராப்’ நாற்காலி ஒன்றை அவர்கள் அங்கிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். உட்காரும் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் குழந்தை வளர வளர ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சிறப்பு. பிள்ளையைத் தனி நாற்காலியில் ஓரமாக உட்காரவைத்து ஊட்டாமல், பெரியவர்களின் மேசைக்கே, அவர்களுடைய முக உயரத்துக்கே கொண்டுவருகிறது. கால் தொங்காமல் பலகையில் ஊன்றியிருப்பதால் குழந்தை நெளியாமல் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தேன். விலை நமக்கு எட்டாதது. ஆனால் இருக்கிற நாற்காலியிலேயே, பிள்ளையின் பாதம் படும் உயரத்தில் ஒரு பலகையை ஆசாரியிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளலாம். நாற்காலி பின்னால் சாயாதபடி கால்கள் சற்று அகன்றிருக்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இனி வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 59 பாகையில் இருக்கிறது. டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே பகல் ஏறத்தாழ 6 மணி நேரம்தான், அந்தப் பகலிலும் சூரியன் தொடுவானத்தை விட்டு அதிகம் மேலே வருவதில்லை. கிடைக்கிற சிறிது வெளிச்சத்தை வீடெங்கும் பரப்பத்தான் அவர்கள் சுவருக்கு வெள்ளை பூசுகிறார்கள், சன்னல்களுக்குக் கனமான திரை போடாமல் விடுகிறார்கள். சேலம் 12 பாகைக்கும் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேராக இறங்கும் ஊரில் பளபளக்கும் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசவைக்கும். ஆகவே என் கொழுந்தனார் அந்த வெள்ளையைக் கொண்டுவரவில்லை. மேற்குப் பக்கச் சுவருக்கு மினுக்கம் இல்லாத, மண் கலந்த மங்கலான பச்சை. மற்றவற்றுக்குப் பழைய சுண்ணாம்புச் சுவரின் நிறம். மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி. பகல் இரண்டு மணிக்கும் அந்தக் கூடத்தில் குழந்தைகள் தரையில் படுத்துப் படம் வரைகிறார்கள். ஸ்வீடனில் வெளிச்சத்தைச் சேர்ப்பது எப்படி அறிவுடைமையோ, அப்படியே இங்கே அதை வடிகட்டுவது அறிவுடைமை என்று அவர் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன்.

இரவு விளக்குக்கு மட்டும் அங்குள்ள முறை அப்படியே பொருந்துகிறது. டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1920-களிலிருந்தே, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாதபடி தட்டுகளை அடுக்கி விளக்குகள் செய்தவர். 1958-இல் வந்த அவருடைய ‘பிஹெச் 5’ இன்றும் பல டேனிஷ் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேல் தாழ்வாகத் தொங்குகிறது. நம் வீடுகளில் சுவர் உச்சியில் ஒற்றை டியூப் லைட் எரியும். பெட்டியில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று போட்டிருக்கும் நீல வெள்ளை ஒளி அது. என் கொழுந்தனார் வீட்டில் 2700 கெல்வின் ‘வார்ம் ஒயிட்’ பல்புகளை உட்காரும் உயரத்துக்கு இறக்கி, நான்கைந்து இடங்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு மட்டும் தனியே வெள்ளை விளக்கு. விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகளின் குரல் தானாகவே தணிவதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டிலும் இதை முதலில் செய்தோம். ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

ஸ்வீடனில் தொடங்கிய மரச்சாமான் நிறுவனமான ஐக்கியாவின் பெங்களூரு கடை 2022-இல் திறந்த பிறகு நம் ஊரிலிருந்து பலர் போய் வருகிறார்கள். என் கொழுந்தனார் குடும்பத்தினரும் போனார்கள், ஆனால் வாங்கி வந்தது பொம்மைப் பெட்டிகளும் விளக்குக் கூடுகளும்தான். பெஞ்சு, அலமாரி, கட்டில் எல்லாம் சூரமங்கலத்து ஆசாரியின் கைவேலை.

ஏற்காட்டிலிருந்து ஓர் உறுப்பினர்

அஸ்தம்பட்டித் தங்கைக்கு வணக்கம். நீங்கள் எழுதிய வெளிச்சக் கணக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்தால் மாறிவிடுகிறது, அம்மா. எங்கள் வீடு நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்துக்குள், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி வாரக்கணக்கில் சன்னலை விட்டு அகலாது. இங்கே வெள்ளைச் சுவரும் திரையில்லாத சன்னலும் மிக நன்றாகவே பொருந்துகின்றன. மலையில் எதிரி ஈரம்தான்.

வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். டென்மார்க்கிலிருந்து ஒரு குடும்பம், சிறு பிள்ளைகளோடு, மழைக்காலத்தில் வந்து தங்கியது. வந்த மறுநாளே அந்த அம்மையார் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, சுவரோடு ஒட்டிக்கிடந்த சோபாவைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். டீப்பாயை ஒதுக்கிவிட்டு நடுவில் ஜமக்காளத்தை விரித்தார். அதுவரை விருந்தினர் வந்தால் உட்காரவைக்கும் இடமாக மட்டும் இருந்த கூடம், பெரியவர்கள் படிக்கவும் பிள்ளைகள் தரையில் விளையாடவும் ஒரே நேரத்தில் பயன்பட்டது. அவர்கள் போன பிறகும் நாங்கள் அதை மாற்றவில்லை.

எங்கள் தாத்தா காலத்துப் பிரம்பு நாற்காலி ஒன்றை அவர் தலைகீழாகக் கவிழ்த்து, பிரம்பு எங்கே முடிகிறது, எப்படி முடிச்சிட்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தது என் மனத்தில் நிற்கிறது. அவர்கள் நாட்டின் ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த ‘விஷ்போன்’ நாற்காலியின் இருக்கை, ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிற்றால் கையால் பின்னப்படுவது. அறுந்தால் இருக்கையை மட்டும் மறுபடி பின்னிக்கொள்வார்களாம். எங்கள் நாற்காலியும் சேலத்துக்கு இறக்கிப் பலமுறை பின்னி வாங்கியதுதான். பழுது பார்க்க முடிகிற பொருளையே வீட்டுக்குள் விடவேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரிகளை ஏற்காட்டு ஈரத்தில் வாங்கி வைக்காதீர்கள். ஓரத்து ஒட்டு விட்டவுடன் ஈரத்தை இழுத்து உப்பிவிடும், அதன்பின் எந்த ஆசாரியாலும் சீர்செய்ய முடியாது.

காப்பிக்கு நிழல் தரவும் மிளகுக்கொடி ஏறவும் வளர்க்கிற சில்வர் ஓக் மரம் இந்த மலை முழுவதும் நிற்கிறது. வயதான மரங்களை வெட்டும்போது பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, காற்றோட்டமான நிழலில் நன்றாக உலரவிட்டால், வெளிர் நிறத்தில் மினுமினுக்கும் புள்ளிக் கோலத்தோடு அழகான மரம் கிடைக்கும். அதில் ஒரு சாப்பாட்டு மேசை செய்தோம். வார்னிஷ் அடிக்கப் போனபோது, டென்மார்க்கில் வழங்கும் சோப்புப் பூச்சை அந்த அம்மையார் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. சாயமும் வாசனையும் இல்லாத சோப்பைச் சீவிக் கொதிநீரில் கரைத்து, ஆறிய பின் துணியால் மரத்தில் தேய்த்து, அதிகப்படியானதை வழித்தெடுத்து, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் இழைவாக்கில் தேய்க்க வேண்டும். இதைச் சிலமுறை திரும்பச் செய்தால் மரம் மிருதுவாகி, வெளிர் நிறம் மாறாமல் இருக்கும். பிள்ளைகள் பேனாவால் கிறுக்கினாலும் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி சோப்பிடலாம். வார்னிஷ் என்றால் மேசை முழுவதையும் சுரண்ட வேண்டும்.

டேனிஷ் வீடுகளில் இல்லாத ஒரு சோதனை நம் மேசைக்கு உண்டு: சாம்பார். சோப்பு காரத்தன்மை உள்ளது என்பதால் மஞ்சள் கறையில் பட்டதும் அது செக்கச்செவேலென்று மாறும். முதன்முறை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை வெயில் படும்படி வைத்தால் மஞ்சள் நிறம் தானே வெளுத்துவிடும். மலையில் வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சமையலறை அலமாரிக்கும் குளியலறைக்கும் இந்தப் பூச்சு ஆகாது. அங்கெல்லாம் நீர் ஊறும்.

இன்னொன்று: மலையில் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, கால் உள்ளதாகச் செய்துகொண்டால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்காது.

அம்மாபேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்

அக்காவும் அண்ணனும் மரத்தையும் விளக்கையும் எழுதிவிட்டதால், நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் துணியைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்காண்டிநேவிய வீட்டை நிறமற்றதாக நினைப்பவர்கள் ஸ்வீடனின் சுண்ட்பார்ன் கிராமத்தில் ஓவியர் கார்ல் லார்சனும் அவர் மனைவி கரின் லார்சனும் பிள்ளைகளோடு வாழ்ந்த வீட்டின் படங்களைப் பார்க்க வேண்டும். 1888-இல் கரினின் தந்தை கொடுத்த அந்தச் சிறு வீட்டில் சாப்பாட்டு அறை சிவப்பும் பச்சையுமாக இருக்கிறது. திரை, மேசைத்துணி, மெத்தை உறை எல்லாம் கரின் தாமே வடிவமைத்தவை. பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கு அழுக்குத் தாங்கும் நிறம் வேண்டும் என்பதை ஒரு தாயின் கண்ணால் அவர் பார்த்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த நாட்டு வீடுகளில் பழந்துணியைக் கிழித்து நெய்யும் தரைவிரிப்பு நெடுங்கால வழக்கம். அதை எங்கள் குழித்தறியிலேயே முயன்றோம். முறுக்கான பருத்தி நூலில் பாவு (நீளவாட்டு இழை) ஓட்டி, பழைய பருத்திப் புடவைகளை இரண்டு விரல் அகலத்தில் நீளவாட்டில் கிழித்து, கட்டையில் சுற்றி ஊடையாக (குறுக்கு இழையாக) கொடுத்தோம். பாலியஸ்டர் கலந்த புடவை வழுக்கிக்கொண்டு வெளியே வரும், ஆகவே சுத்தப் பருத்தி மட்டுமே எடுங்கள். ஒவ்வோர் ஊடைக்கும் தறிப் பலகையை ஓங்கி அடிக்க வேண்டும்; தளர்வாக நெய்தால் பிள்ளைகளின் கால்விரல் மாட்டும். எங்கள் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை விழுந்த இடத்தில் கருநீலப் பட்டையில் வெள்ளைப் புள்ளிகள் சிதறி வந்தது. என் மகள் அந்தப் பட்டையைத் தன் இடம் என்று சொல்லி அதில்தான் உட்காருகிறாள்.

தறி இல்லாதவர்களுக்குப் பக்கத்திலேயே பவானி ஜமக்காளம் இருக்கிறது. அடர்ந்த பட்டைகள், முரட்டுப் பருத்தி, துவைத்துக் காயப்போடலாம். வெளிர் நிற மரச்சாமான்களுக்கு நடுவே விரித்தால் கூடமே நிறைந்துவிடும். டைல்ஸ் தரையில் விரிக்கும்போது அடியில் ரப்பர் வலை ஒன்று போட்டுவிடுங்கள், வழுக்காது.

ஒரு கேள்வி, அக்கா. திறந்த அலமாரிகளும் காலியான தரையும் நல்லதுதான். பூஜை மாடமும் பித்தளைச் சாமான்களும் பொம்மைகளும் அந்த வீட்டில் எங்கே போயின?

அஸ்தம்பட்டியிலிருந்து

தம்பி, நல்ல கேள்வி. எல்லாம் சுவரில்தான் இருக்கின்றன. ஸ்வீடனின் நில்ஸ் ஸ்டிரின்னிங் 1949-இல் வடிவமைத்த ‘ஸ்ட்ரிங்’ அலமாரி போல, மெல்லிய கம்பிச் சட்டங்களில் பலகைகளைப் பொருத்திச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். தரையைத் தொடாததால் அடியில் துடைப்பம் தாராளமாகப் போகிறது. கிழக்குச் சுவரில் கண் உயரத்தில் பூஜை மாடம், அதற்குக் கீழே தேய்த்து மினுக்கிய குத்துவிளக்கும் இரண்டு அண்டாக்களும். பித்தளையின் நிறம் வெளிர் மரத்தோடு அவ்வளவு இயல்பாகச் சேர்கிறது; அதை மூடி வைக்க வேண்டிய தேவையே இல்லை. மீதிப் பாத்திரங்கள் மூடிய அலமாரியில். பொம்மைகள் மூடியில்லாத பெட்டிகளில், கீழ்த் தட்டில், பிள்ளைகள் தாமே எடுத்து வைக்கும்படி.

இழுப்பறை உள்ள எந்த அலமாரியையும் ‘எல்’ வடிவ இரும்புத் தகட்டால் சுவரோடு திருகிவிடுங்கள். சிறு பிள்ளைகள் இழுப்பறைகளைத் திறந்து படியாக்கி ஏறுவார்கள். திருகாத அலமாரி முன்னால் சாய்ந்துவிடும். ஏற்காட்டு அண்ணன் சொன்ன நான்கு விரற்கடை இடைவெளி விடுபவர்கள், அந்த அளவுக்கு நீண்ட தகடாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; செவ்வாய்பேட்டை இரும்புக் கடைகளில் அளவு சொன்னால் வளைத்தே தருகிறார்கள்.