தமிழய்யா பஸ்ஸை மறித்தது உண்மையா?

கரிசல்காட்டான்:
எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில். எங்களுக்குத் தமிழ் எடுத்த ஐயா காலமாகிப் பத்து நாள் ஆகிறது. முப்பதாம் நாளுக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் வந்து குவிவதெல்லாம் ‘ஏணி’, ‘அறிவுக்கண் திறந்தவர்’ ரகம். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. நான் 1979-ல் ஆறாம் வகுப்பு. அதற்கு முந்தின வருஷம்தான் எழுத்துச் சீர்திருத்தம் வந்து லை, னை, றா என்று 13 எழுத்து மாறியிருந்தது. எங்களைப் புதுசாக எழுதச் சொல்லிவிட்டு, பலகையில் அவர் தும்பிக்கை போட்ட பழைய ‘லை’யையே எழுதுவார். எவனாவது எழுந்து சொன்னால் தோள் துண்டால் அழித்துவிட்டு, “கவர்மெண்ட் சொல்லிருச்சுடே, கை கேக்க மாட்டேங்கு” என்பார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். படிப்பை நிறுத்திய ஒரு பெண்ணுக்காக, விடியற்காலையில் பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப்போகும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸை மறித்து, அவளைக் கையோடு இறக்கிக் கூட்டி வந்தார் என்று ஊரே சொல்கிறது. நேரில் பார்த்தவர் யாராவது உண்டா? மலரில் போடலாமா?

பழைய பெஞ்சு:
தாராளமாகப் போடுங்கள். பார்த்ததாக எங்கள் அண்ணன் சொல்வான். (அவன் எட்டு மணிக்கு முன்னால் எழுந்து நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.) கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துக் கரும்பலகையில் தேய்ப்போமே, அதையும் எழுதுங்கள். ஐயாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே தேய்ப்பார்.

கடைசி வரிசை:
பிரம்பையும் எழுதுங்கள். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று வாசித்ததற்கு அடித்த அடியில், மத்தியானம் சோறு பிசைய முடியவில்லை எனக்கு. ஐயாவைப் பிடிக்கும்தான். அதற்காக அடியே விழாத மாதிரி மலர் போட்டால் நான் காசு தர மாட்டேன்.

சாத்தூர் அக்கா:
தம்பி, அந்தப் பிள்ளை நான்தான். உங்களுக்கு ஒரு வகுப்பு மூத்தவள்.

பஸ்ஸை யாரும் மறிக்கவில்லை. ஐயா வந்தது நிஜம். இருட்டோடு வந்து, சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு அம்மாவிடம் பேசினார். “வாராவாரம் இவ கொண்டாற காசை நீங்க தருவீகளா சார்?” என்று அம்மா கேட்டாள். அவர் வாயே திறக்கவில்லை. பஸ் வந்தது, நான் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு இருந்தார். மார்கழிப் பனி.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். “லீவு நாள்ல அனுப்பு தாயி, அது போதும்” என்றார். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற பிள்ளைகள் நாலு பேர் ஞாயிறுதோறும் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனோம். உட்கார்ந்ததும் தூக்கம் சொக்கும். டீச்சரம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்து எழுப்புவார்கள். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பணம் கட்டியது ஐயா. முதல் தடவை கணக்கில் போச்சு, ரெண்டாம் தடவை தேறினேன். பின்னால் சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தது அந்தச் சான்றிதழை வைத்துத்தான்.

மற்ற மூணு பேரும் பரீட்சை எழுதவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், ஐயா எனக்கு எழுதிக் கொடுத்த நோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. முழுக்கப் பழைய ‘லை’தான். அதைப் பார்த்துப் படித்துப் பரீட்சையிலும் அப்படியே எழுதி வைத்தேன்.

கரிசல்காட்டான்:
அக்கா, பஸ் கதையை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னதை அப்படியே போடலாமா? அந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?

சாத்தூர் அக்கா:
போடுங்கள், என் பேர் மட்டும் வேண்டாம். போட்டோ சாயங்காலம் பேரன் வந்து எடுப்பான். ஓரமெல்லாம் காப்பிக் கறை, பரவாயில்லையா?