மறு: ‘டிரை ரன்’ – வெள்ளோட்டமா, வெற்றோட்டமா?

அனைவருக்கும் வணக்கம். நம் பணிப்பாய்வுக் கருவியின் (பணிகளை வரிசையாக ஓட்டும் மென்பொருளின்) ஆவணத்தில் ‘டிரை ரன்’ (dry run) என்ற வசதிக்கு எந்தத் தமிழ்ச்சொல் வைப்பது என்ற இழையில் வந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘வெள்ளோட்டம்’ புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அந்தப் புழக்கம்தான் இடிக்கிறது. புதுத் தேர் செய்தால் முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். சாமி ஏறியிருக்காது, அவ்வளவுதான். மற்றபடி வடம் பிடித்து இழுக்க, தேர் உண்மையாகவே வீதியில் நகரும். நம் பணிப்பாய்வுக் கருவியில் டிரை ரன் கொடுத்தால் எதுவுமே நகரக் கூடாது. எந்தப் பணி எந்த வரிசையில் ஓடும், எந்தக் கோப்பு அழியும் என்று காட்டிவிட்டு நின்றுவிட வேண்டும்.

படிப்பவர் மனிதராக இருந்தால் சந்தேகம் வந்து யாரையாவது கேட்பார். நாம் இப்போது எழுதுவதோ ஏஐ முகவர்களுக்கான ஆவணம்; அதாவது, நாம் சொல்வதைப் புரிந்து கட்டளைகளைத் தாமே இயக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்கு. “பழைய பதிவுகளை அழிக்கிற பணியை வெள்ளோட்டம் விட்டுப் பார்” என்று ஒருவர் தமிழில் சொல்ல, முகவர் அதைச் சோதனைத் தரவில் நிஜமாகவே ஓட்டிவிட்டால் அதன்மேல் குற்றமில்லை. அகராதிப்படி அது செய்தது சரி. (ஏஜென்ட் என்பதற்கு ‘முகவர்’ சரியா என்ற பழைய சண்டையை இந்த இழையில் தயவுசெய்து கிளற வேண்டாம்.)

> அப்படியானால் ‘டிரை ரன்’ என்றே விட்டுவிடலாமே.

சென்னையில் அது எடுபடாது. இங்கே போர்வெல் வைத்திருக்கிற எந்த அபார்ட்மென்டிலும் டிரை ரன் என்றால் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவது. காயில் எரிந்துவிடும். அதைத் தடுக்கவே ஸ்டார்ட்டர் பேனலில் தனியாக ஒன்று மாட்டுகிறார்கள். நாம் பாதுகாப்புக்கு வைக்கிற பெயர் பிளம்பர் காதில் ஆபத்தாக விழும். ‘உலர் ஓட்டம்’ என்று பெயர்த்தாலும் அதே கதிதான்.

‘ஒத்திகை’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் தீயணைப்பு ஒத்திகையில் ஆட்கள் மெய்யாகவே படியிறங்கி வெளியே வந்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்திலும் இது ஒரே பெயரில் நிலைக்கவில்லை. நிரல்களைக் கட்டமைக்கும் கருவியான குனு மேக்கில் ஒரே தேர்வுக்கு (option) ஜஸ்ட்-பிரிண்ட், டிரை-ரன், ரீகான் என்று மூன்று நீளப் பெயர்கள். லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஆப்ட்-கெட் ‘சிமுலேட்’ என்கிறது, சர்வர் போன்ற கணினி வசதிகளை அமைக்கும் டெராஃபார்ம் ‘பிளான்’ என்கிறது. ஆகவே எதையும் நேராகப் பெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

என் பரிந்துரை: வெற்றோட்டம். வெற்றிடம், வெற்றுத்தாள் எல்லாம் நமக்குத் தெரிந்தவை. உள்ளே ஒன்றும் இல்லாத ஓட்டம் என்று சொல்லே சொல்லிவிடுகிறது. காதுக்கு வெள்ளோட்டத்தின் பக்கத்தில் நிற்கிறது என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் இது பெரும்பாலும் எழுத்தில் வரப்போகிற சொல். வெள்ளோட்டத்தைச் சோதனைச் சூழலில் நிஜமாக ஓட்டிப் பார்ப்பதற்கு ஒதுக்கிவிட்டால் இரண்டுக்கும் வேலை இருக்கும்.

சொல்லை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தால் போதாது. மேக்கில் டிரை ரன் கொடுத்தாலும், அதன் பணிக்கோப்பில் கூட்டல் குறியில் தொடங்கும் கட்டளை வரிகள் ஓடத்தான் செய்யும். இது தெரியாத முகவர் ‘ஒன்றும் நடக்காது’ என்று நம்பி இறங்கிவிடும். எனவே சொல்லின் கீழேயே வாக்குறுதியையும் எழுதிவிடலாம்:

“வெற்றோட்டம்: பணிகளை இயக்காமல், இயங்கவிருப்பவற்றை மட்டும் காட்டுதல். கோப்பு எழுதாது, அழிக்காது. வலையமைப்பைத் தொடாது. கேள்வி கேட்டு நிற்காது.”

கடைசி வாக்கியத்தை யாரும் வெட்டிவிடாதீர்கள். ‘ஆம்/இல்லை’ கேட்டுக் காத்திருக்கிற கட்டளையில் முகவர் அப்படியே மாட்டிக்கொள்ளும்.

வெளியேறு குறியீட்டையும் (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்ணையும்) அங்கேயே சொல்லவேண்டும். வெற்றி என்றால் 0, பிழை என்றால் வேறு எண் என்பது பொது வழக்கம். டெராஃபார்ம் பிளானில் விரிவான குறியீடு கேட்டால் 0 என்பது மாற்றமில்லை, 1 பிழை, 2 மாற்றம் உண்டு. நாமும் இதையே பின்பற்றலாம் என்பது என் கருத்து. ஆனால் 2 பிழையல்ல என்று ஆவணத்தில் எழுதாவிட்டால் முகவர் அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு ‘சரிசெய்ய’ கிளம்பிவிடும்.

தேர்வின் பெயர் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். ஆனால் உதவிப்பக்கம், பிழைச்செய்தி, முகவர் ஆவணம் மூன்றிலும் தமிழ்ச்சொல் ஒன்றாகவே இருக்கவேண்டும். ஓரிடத்தில் ஒத்திகை, இன்னோரிடத்தில் முன்னோட்டம் என்று எழுதினால் அவை இரண்டு வசதிகள் என்றுதான் படும்.

வினையாக ‘வெற்றோட்டம் விடு’ என்பதா, ‘வெற்றோட்டமாக இயக்கு’ என்பதா? எனக்கு இரண்டாவது. முதலாவதில் மறுபடியும் தேர் வந்துவிடுகிறது. மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.