விளக்கு தானாக மலையேறினால் கெட்ட சகுனமா?

கோத்தகிரி மருமகள் எழுதியது:

நான் நாகர்கோவில்காரி. கல்யாணமாகி ஏழு மாதமாகக் கோத்தகிரியில் இருக்கிறேன். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா சீராகக் கொடுத்த குத்துவிளக்கில், ஊரில் செய்தது போலவே தேங்காய் எண்ணெய் ஊற்றி அந்தியில் ஏற்றுகிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து விளக்கு அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. எண்ணெய் இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, காற்றும் இல்லை. ஆனாலும் சுடர் சிறுத்துச் சிறுத்து, திரி கருகி, போய்விடுகிறது.

போன வெள்ளிக்கிழமை கணவர் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும் நேரத்தில் அப்படி ஆனது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "தானாக மலையேறக் கூடாதே, வீட்டுக்காரருக்கு ஆகாதே" என்றார். நல்லவர்தான்; அவர் தோட்டத்தில் முட்டைக்கோஸ் விளைந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் விடியற்காலையில் கணவர் கதவைத் தட்டும்வரை நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அடிப்பகுதி பிரம்மா, தண்டு விஷ்ணு, அகல் சிவன், ஐந்து முகம் ஐந்து குணம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அணைந்தால் என்ன அர்த்தம் என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு பதில். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் மளிகைக்காரர்:

சகோதரி, சகுனத்தைப் பிறகு பார்ப்போம். அணைந்ததும் விளக்குக்குள் விரலை வைத்துப் பாருங்கள், எண்ணெய் உறைந்திருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டத் தொடங்கும். நீங்கள் இப்போது இருப்பது சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். திரி எண்ணெயை உறிஞ்சித்தான் எரிகிறது. கட்டியான எண்ணெய் மேலே ஏறாது, பஞ்சுதான் கருகும். சின்ன அகல் என்றால் சுடரின் சூட்டிலேயே சுற்றியுள்ள எண்ணெய் இளகிவிடும். பித்தளைக் குத்துவிளக்கோ அந்தச் சூட்டையும் வாங்கித் தண்டு வழியே இறக்கிவிடும்.

நல்லெண்ணெய்க்கு மாறுங்கள். ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி படியும் நாட்களிலும் அது உறையாது. நெய் உறையும். பஞ்சதீப எண்ணெய் என்று விற்கும் கலவையில் நெய்யும் தேங்காய் எண்ணெயும் இலுப்பெண்ணெயும் சேர்ந்திருந்தால் அதுவும் பனிக்காலத்தில் கெட்டிப்படும். என் கடையிலும் விற்கிறேன்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

கொடைக்கானல் தமிழாசிரியை, ஓய்வு:

எண்ணெய் விஷயம் சரி. அந்தச் சொல்லை ஏன் விட்டுவிட்டீர்கள்? நன்னூல் சொல்லும் தகுதி வழக்கு மூன்றில் ஒன்று மங்கலம். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது போல, விளக்கை அணை என்று சொல்ல வாய் கூசி, குளிரவை என்றார்கள், மலையேறியது என்றார்கள். அருள் வந்து ஆடியவர் ஓய்ந்ததும் சாமி மலையேறிவிட்டது என்கிறோமே, அதே சொல். வந்த தெய்வம் தன் இருப்பிடத்துக்குத் திரும்பியது என்று பொருள். பயம் தெளியப் பிறந்த சொல்லை வைத்தே ஒரு பெண்ணை இரவெல்லாம் பயந்து விழிக்க வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

தொல்காப்பியர் மலையைச் சேயோனுக்கு, அதாவது முருகனுக்கு, உரியதாக்கினார். இங்கே குறிஞ்சி ஆண்டவர் கோயில் அருகில் நின்றால், மேகமில்லாத நாளில் கீழே பழனி மலை தெரியும். சமவெளியில் மலையேறும் சுடரெல்லாம் இந்தப் பக்கம்தானே வரவேண்டும் என்று அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்வேன். நீங்களோ ஏற்கெனவே மேலே இருக்கிறீர்கள். உங்கள் விளக்கு இனி எங்கே ஏறும்?

ஐந்து முகத்தின் பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். பஞ்சபூதம் என்பவர்களும் உண்டு. எனக்குப் பிடித்த விளக்கு பூதத்தாழ்வார் ஏற்றியது. அன்பு அகல், ஆர்வம் நெய், உருகும் சிந்தை திரி. எதுவும் உறைகிற பொருள் இல்லை.

கூடலூர்ப் பேத்தி:

என் பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியேறியவர். மின்சாரம் வராத காலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சிம்னி விளக்கு, மண்ணெண்ணெய் ஊற்றுவது. அதற்கும் விபூதி வைப்பார். பிறகு குண்டு பல்பு வந்ததும், சுவிட்சைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மின்சாரம் போனால் 'மலையேறிவிட்டது' என்பார். ஆடி மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் நான்கு நாள் மலையிலேயே இருக்கும். அதற்காக யாரும் பயந்ததில்லை. பாட்டி கண்டிப்பாக இருந்தது வேறொன்றில்: சாமி விளக்கை வாயால் ஊதினால் கையிலேயே அடி விழும். பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட வேண்டும்.

கோத்தகிரி மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. வெட்கமாக இருக்கிறது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைத் தினமும் வெந்நீரில் வைத்து இளக்குகிறேன். விளக்குக்கும் அதையேதான் சூடாக ஊற்றினேன். காலையில் விளக்கு துலக்கும்போது வெள்ளையாகக் கட்டியிருந்தால், இரவுக் குளிரில் உறைந்தது என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்திலேயே அப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்று நல்லெண்ணெயில் இரண்டு மணி நேரம் நின்று எரிந்தது. டீச்சர் அம்மா எழுதியதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், கோபப்பட்ட வரியை மட்டும் விட்டுவிட்டு.

ஊரிலிருந்து அம்மா பேசினார். "மக்களே, விளக்குக்கென்றே செக்கில் ஆட்டி ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெய் பார்சலில் போட்டிருக்கிறேன்" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் சரி என்றுவிட்டேன். இதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.