நான் கேட்காமலே என் தலையில் கட்டிய மகன்

மொஹாவி_நாடோடி:
ஃபால்அவுட் 4 வீடியோ கேமை மூன்றாவது முறையாகப் பாதியில் விட்டுவிட்டேன். எரிச்சல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான். ஆட்டம் தொடங்கும்போதே எனக்குக் கல்யாணமாகித் தொட்டிலில் ஷான் என்றொரு குழந்தை கிடக்கிறது. ஆணாக ஆடினால் நான் முன்னாள் ராணுவக்காரன், பெண்ணாக ஆடினால் சட்டம் படித்தவள். மூக்கையும் தாடையையும் செதுக்க அரை மணி நேரம் விடுகிறார்கள், ஆனால் அந்த மூக்குக்குப் பின்னால் இருக்கிற ஆளை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். போதாக்குறைக்குக் குரலும் அவர்களுடையது. நான் மனதில் வைத்திருந்தது ஒரு திருட்டுக் கிழவி. வாயைத் திறந்தால் பொறுப்பான அம்மா பேசுகிறாள். அதே வரிசையில் முன்பு வந்த நியூ வேகாஸில் இந்தத் தொல்லை இல்லை. நான் ஒரு கூரியர், தலையில் சுட்டுப் புதைத்தார்கள், பிழைத்தேன். மிச்சமெல்லாம் என் பாடு.

கொல்லன்_மகன்:
ப்ரோ, முன்கதை இருப்பதே குற்றம் என்கிறீர்களா? கிங்டம் கம்: டெலிவரன்ஸ் (2018) கேமை ஆடிப் பாருங்கள். 1403, பொஹீமியா, ஸ்கலிட்ஸ் ஊர்க் கொல்லரின் மகன் ஹென்றி, அவ்வளவுதான் நீங்கள். முதல் வேலையே அப்பாவுக்கு வரவேண்டிய கடனைக் குடிகாரன் குனேஷிடம் கேட்கப் போவது. நான் போய் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தேன். ஹென்றிக்குப் படிக்கவும் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் கலைந்து கிடக்கும். உஷிட்ஸ் ஊர் எழுத்தரிடம் போய்க் கற்றுக்கொண்ட பிறகு, அதே பக்கத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தெளிந்துவந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீங்கள் கேட்கிற வெற்றுத்தாள் ஆளால் இதைத் தர முடியுமா?

மொஹாவி_நாடோடி:
ஹென்றியோடு எனக்கென்ன சண்டை? ஹென்றி கதை என்று சொல்லித்தான் விற்றார்கள், தெரிந்தே வாங்கினேன். விட்சர் 3 கேமின் நாயகன் கெரால்ட்டும் அப்படித்தான். "உன் இஷ்டப்படி ஆளை உருவாக்கிக்கொள்" என்று ஆசை காட்டிவிட்டு அப்புறம் பிள்ளையைக் கையில் திணிப்பதுதான் பிரச்சினை. அதுவும் கடத்தப்பட்ட பிள்ளை! பெற்றவன் பதறி ஓட வேண்டாமா? நான் என்னடாவென்றால் ஸ்க்ரூவுக்காக மேசை விசிறி பொறுக்கிக்கொண்டு, சாங்சுவரி குடியிருப்பில் யாரோ நாலு பேருக்குக் கட்டில் செய்துகொண்டிருக்கிறேன்.

வாட்_டெக்_வாட்ச்மேன்:
கட்டில் செய்தது நீங்கள், பழி ஷான் மேல் 😄

அப்புறம் நியூ வேகாஸை ரொம்பவும் தூக்கிப் பிடிக்காதீர்கள். 2011-இல் அதற்குக் கூடுதல் பகுதியாக வந்த லோன்சம் ரோடு ஞாபகம் இருக்கிறதா? கூரியர் முன்பு சுமந்துபோன ஒரு பொதிதான் டிவைட் ஊரையே அழித்தது என்று யுலிசீஸ் என்ற இன்னொரு கூரியர் மூச்சு விடாமல் சொற்பொழிவு ஆற்றுவாரே. அதை நீங்கள் கேட்டு வாங்கினீர்களா?

மொஹாவி_நாடோடி:
அது எனக்கும் பிடிக்கவில்லை. யுலிசீஸ் பேச ஆரம்பித்தால் நான் டீ போடப் போய்விடுவேன்.

ஆழ்_சுரங்கம்:
டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் (2009) கேமை மறந்துவிட்டு என்ன விவாதம் இது? ஆறு தொடக்கங்கள், நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நான் குள்ளர் அரச குடும்பம். தம்பி பெலன் கொலைப்பழியைப் போட்டு நாடு கடத்த வைத்தான். பல மணி நேரம் கழித்து குள்ளர் நகரமான ஓர்ஸமாருக்குத் திரும்பினால் அப்பா செத்துவிட்டார், அரியணைக்குப் போட்டி போடுகிற இருவரில் ஒருவன் அதே பெலன், யாருக்கு முடி சூட்டுவது என்பது என் கையில். எல்ஃபாக ஆடியவனுக்கு அவன் யாரோ ஒரு அரசியல்வாதி. எனக்கு வயிறு எரிந்தது.

மொஹாவி_நாடோடி:
எல்லாரும் அப்படி உழைத்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? சைபர்பங்க் 2077 கேமிலும் மூன்று வாழ்க்கைப் பாதைகள் கொடுத்தார்கள். நோமாட், தெருப்பிள்ளை, கார்ப்போ, எதை எடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் நண்பன் ஜாக்கியோடு சுற்றுகிற ஒரே காட்சித் தொகுப்பில் போய் விழுகிறது. அதற்கப்புறம் அவ்வப்போது ஒரு கூடுதல் வசனம் வரும். இதற்கு முன்கதையே இல்லாமல் விட்டிருக்கலாம்.

கொல்லன்_மகன்:
நோமாடுக்கு வருகிற வசனங்கள் சில எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் போதாது, ஒத்துக்கொள்கிறேன்.

மொஹாவி_நாடோடி:
சரி, ஒரிஜின்ஸ் டவுன்லோட் ஆகிறது. குள்ளர் அரச குடும்பம்தான். பெயராவது நானே வைத்துக்கொள்ளலாமா?

ஆழ்_சுரங்கம்:
பெயர் உங்கள் இஷ்டம். குடும்பப் பெயர் எடூக்கன், அதை அவர்களே வைத்துவிட்டார்கள்.